மாதிரி வீட்டுக்காரி

எங்கள் வியாபாரிகள் சங்கம் வருடாவருடம் ஒரு மலர் போடும். அதில் 'நம்மூர் சாதனை வியாபாரி' என்று ஒரு பக்கம் உண்டு. நகைக்கடைக்காரரையோ பேக்கரிக்காரரையோ பற்றி யாராவது எழுதுவார்கள். கூடலூரில் ஃப்ளெக்ஸ் கடையும் அச்சகமும் வைத்திருக்கும் செல்லதுரையாகிய நான்தான் மலரை அச்சடிப்பவன் என்பதால், அத்தனையையும் படித்துத் தொலைத்திருக்கிறேன். எல்லோரும் சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்து, கடவுள் புண்ணியத்தில் மூன்று மாடி கட்டியவர்கள். இந்த வருடம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆண்டாயியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

"ஆருங்க அது? என்ன வியாபாரம்?" என்றார் செயலாளர்.

"ஊடு வித்தாங்க. ஓவேலி ரோட்டுல கவர்மென்ட்டு கட்டுன ஊடு அத்தனையும் அவங்க வித்ததுதானுங்க."

"அப்ப நல்லா சம்பாரிச்சிருப்பாங்க."

"கடைசியில அவங்களுக்கு ஒண்ணுகூட இல்லீன்னுட்டாங்க."

செயலாளர் சிரித்தார். "அப்புறம் என்ன சாதனைங்க அது?" என்றார். அவர் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கோபத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம்தான் இடம் என்று வேறு சொன்னார். அச்சடிப்பவன் நான், பக்கக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆண்டாயி ஓவேலிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர்கள். அப்போது ஆண்டாயி அம்மா வயிற்றில் இருந்தாராம். "நானும் கப்பல்ல வந்தவதான் சார், டிக்கெட் எடுக்காம" என்பார். தான் குடியிருக்கும் இடத்தை அவர் வீடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. காம்பரா என்பார். லயம் என்று வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் குடியிருப்பில், ஒரு குடும்பத்துக்கு விடுகிற ஒற்றை அறைக்கு அந்தப் பெயர். அப்பா அம்மா மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த சொல் அது.

ஒரு காம்பராவில் பிறந்து, கல்யாணமாகி, அடுத்த வரிசை லயத்தில் இன்னொரு காம்பராவுக்குப் போனார். புருஷன் காத்தமுத்துவுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. மாமனார், மாமியார், கொழுந்தன், அப்புறம் மகள் கோகிலவாணி, எல்லோருக்கும் அதே அறைதான், நடுவில் ஒரு சேலைத் திரை. "என் கல்யாணத்துலேர்ந்து மக கல்யாணம் வரைக்கும் நான் கதவச் சாத்துனதே இல்ல சார். சாத்துனா யாராவது வெளிய நனைவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

காம்பராவுக்கு ஒரு சட்டம் உண்டு. எஸ்டேட் வேலையாள் கணக்கில் பேர் இருக்கிற வரை இருக்கலாம். பேர் போனால் காம்பராவும் போச்சு. முட்டி தேய்ந்து ஆண்டாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டார். காத்தமுத்து ஒருவர் பேரில்தான் இரண்டு பேரும் அங்கே ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் அடுத்த மே மாதம் ரிட்டயர்டு. அதற்குள் ஒரு வீடு கிடைக்காவிட்டால் பாத்திர பண்டத்தோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் கூத்து.

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே அரசாங்கம் ரோட்டோரச் சரிவில் அடுக்கு வீடுகள் கட்டியது. ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, பார்த்தால் ஒரு ஈ காக்கை குடிவரவில்லை. தலைக்கு மேல் இன்னொருத்தன் நடப்பானா என்றார்கள். கோழிக்கூடு எங்கே வைப்பது, விறகு எங்கே அடுக்குவது என்றார்கள். காலி வீட்டுச் சுவரில் யானை வந்து முதுகு சொறிந்துவிட்டுப் போனது. வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்களே தவிர, கட்டின வீட்டுக்கு ஆள் பிடித்துப் பார் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

ஆண்டாயி மட்டும் முதல் நாளே மனுப் போட்டார். வீட்டுத் திட்ட ஆபீசில் அந்தப் பிரிவைப் பார்த்தவர் ரவிக்குமார், பொள்ளாச்சிக்காரர். மரியாதையில் குறையே வைக்க மாட்டார், வேலையில்தான் வைப்பார்.

"ஏனுங்க, ஒத்த மனுவ எப்படீங்க மேல அனுப்பறது? ஆபீசருங்க சிரிப்பாங்க. எல்லா ஊட்டுக்கும் ஆள் வரட்டும், ஒட்டுக்கா அனுப்பிடலாமுங்க" என்றார்.

அதாவது ஆண்டாயிக்கு ஒரு வீடு வேண்டுமென்றால், ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வீடு வேண்டும் என்று தோன்ற வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இப்படித்தான்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து தரணிதரன் வந்து இறங்கினார். ஏரிக்குள் கட்டின ஃபிளாட்டையெல்லாம் 'நீர்முகப்பு இல்லங்கள்' என்று விற்றுத் தீர்த்தவர். காலி வீடுகளுக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்லி அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. முதல் நாளே ஆபீசைக் கூட்டி, "பயனாளிங்கற வார்த்தைய இன்னியோட மறந்துடுங்க. அவங்க நம்ம வாடிக்கையாளர். அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க. கேட்டாத்தான் தெரியும்" என்றார். அதுவரை 'அடுத்த வாரம் வாங்க' என்பதைத் தவிர வேறு பேசியறியாத ரவிக்குமார், மனுவோடு வருகிறவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்து, நாற்காலி போட்டு, "உங்கள் கனவு என்னங்க?" என்று கேட்க வேண்டும் என்று உத்தரவு.

லயத்துப் பெரியவர் இருளப்பன் அப்படித்தான் ஒரு நாள் உள்ளே போனார். ரவிக்குமார் எழுந்து நின்றதும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். நாற்காலியைக் காட்டியதும், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். "தொர நம்மள ஒக்காரச் சொன்னா ஆள்கொறைப்புன்னு அர்த்தம். எழுந்து நின்னா என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியல" என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தார். அதன்பின் அந்த ஆபீஸ் பக்கம் மழைக்குக்கூட ஒருவரும் ஒதுங்கவில்லை.

தரணிதரன் அசரவில்லை. சந்தோஷமான வாடிக்கையாளர் முகம் ஒன்று வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாடல் பெண்ணைக் கூட்டி வந்தார். பட்டுச்சேலை, கையில் முழ நீளத்துக்கு தெர்மக்கோல் சாவி. ஜூலை மாதம், ஓவேலி மழை, புல் தரை. அட்டைகள் சும்மா இருக்குமா? கெண்டைக்காலில் ஒன்று ஏறியதுமே அந்தப் பெண் சாவியை வீசிவிட்டுக் காருக்குள் ஓடியவர், கோயம்புத்தூர் போய்த்தான் இறங்கினார். மனு என்னாச்சு என்று கேட்க வந்த ஆண்டாயி, சேற்றில் கிடந்த சாவியைக் குடையால் குத்தி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தரணிதரன் படமெடுத்துவிட்டார்.

படம் என் கடைக்குத்தான் வந்தது. மேலே அரசு முத்திரை, நடுவில் சாவியோடு சிரிக்கிற ஆண்டாயி, கீழே 'என் வீடு, என் பெருமை. ஆண்டாயி, ஓவேலி.'

"அவங்களுக்கு ஊடு குடுத்தாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கொடுத்துடுவாங்க சார். இது இனிமே நடக்கப்போற உண்மை" என்றார் தரணிதரன்.

பஸ் ஸ்டாண்டில் ஒன்று, நாடுகாணி செக்போஸ்ட்டில் ஒன்று, ஸ்ரீமதுரைப் பிரிவில் ஒன்று என்று எங்கே திரும்பினாலும் ஆண்டாயி சிரித்தார். காத்தமுத்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தன் பெண்டாட்டிக்குக் கீழேதான் பஸ் ஏற வேண்டியிருந்தது. "ஊட்டுலகூட இவ்வளவு பல்லு பாத்ததில்ல" என்றார்.

அடுத்தது மாதிரி வீடு. வாடிக்கையாளர் உள்ளே வந்து தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தரணிதரன் பிடிவாதமாக நின்றார். கட்டடத்துக்கு ஒதுக்கின பணம் தீர்ந்துபோயிருந்தது. விளம்பரத்துக்கு ஒதுக்கினது கிடந்தது. அந்தக் கணக்கில் கட்டினால் போயிற்று என்று முடிவானது. பிளைவுட்டில் செட்டுப் போட்டுத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். எங்கள் மழைக்கு ஒரு வாரம் தாங்காது என்றேன். ஆகவே கான்கிரீட்டிலேயே, ரோட்டோரம் தனி வீடாக, முன்னால் இரண்டு செடி வைக்க இடம் விட்டு, ஓர் அறை, சமையலறை, கழிப்பறையோடு கட்டி, நெற்றியில் 'மாதிரி வீடு' என்று சிமென்ட் எழுத்தில் பதித்தார்கள். அந்தச் சரிவில் உருப்படியாகக் கட்டின ஒரே கட்டடம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதில் ஆண்டாயிக்கு வேலை கொடுத்தார்கள். பகலில் அங்கே குடியிருக்க வேண்டும், சமைக்க வேண்டும், வந்தவர்களுக்கு டீ கொடுத்துச் சந்தோஷமாக இருக்க வேண்டும். அஞ்சு மணிக்கு வெளியே பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் காம்பராவுக்குப் போய்விட வேண்டும். "பகல்ல பங்களா, பொழுது சாஞ்சா லயம். ராசாவுக்குக்கூட இப்பிடி ஒரு பொழப்பு இல்ல" என்றார் காத்தமுத்து. ஆண்டாயி ஒத்துக்கொண்டதற்குக் காரணம் சம்பளம் மட்டுமில்லை. எல்லா வீடும் நிரம்பினால்தானே அவர் மனு நகரும்?

தரணிதரன் மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார். 'காற்றோட்டமும் கனவோட்டமும் கலந்த வாழ்விடம்' என்று அது ஆரம்பிக்கும். ஆண்டாயி அதை அடுப்புத் துணியாக்கிவிட்டார். லயத்துப் பெண்கள் வந்தால் முதலில் குறையைத்தான் சொல்வார். "இந்தா, இந்த ஜன்னல் ஓரம் சாரல் அடிக்கும். மேல் வீட்டுக்காரி இடிக்கிற சத்தம் கேக்கும். நம்ம காம்பராவுல மட்டும் என்னா, பக்கத்துல இருமுனா நம்மதானே தண்ணி குடுக்குறோம்?" பெண்கள் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சமையலறைக்குள் விட்டு, "கதவச் சாத்தி உள்ள தாப்பா போட்டுக்க. கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்துட்டு வா. யாரும் கூப்புட மாட்டாங்க" என்பார்.

அவ்வளவுதான் வியாபாரம். உள்ளே போன பெண்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது மனு எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். சிலருக்குக் கண் சிவந்திருக்கும். ராக்கம்மா என்று ஒரு பெண், நான்கு பிள்ளை பெற்றவர், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவர் சாயங்காலம் வரை திறக்கவே இல்லை. தூங்கிவிட்டார். வெளியே வரிசை ரோடு வரை நின்றது. தரணிதரன் பதறிப்போய், மறுநாள் அந்த வீட்டில் இருந்த தாழ்ப்பாளையெல்லாம் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி மாதிரி வீட்டுக் கதவை யாரும் சாத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆண்டாயி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இன்னொரு தகராறு பாலால் வந்தது. புது வீட்டில் பால் பொங்கினால் பார்க்கிறவர்களுக்கு மனசு இளகும் என்று தரணிதரனுக்கு எண்ணம். தினமும் பதினோரு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றார். ஆண்டாயி காய்ச்சினார். ஆனால் பால் விளிம்பைத் தொடும்போது டக்கென்று இறக்கிவிடுவார்.

"மேடம், பொங்க விடுங்க மேடம். அதுதானே ஷாட்டு."

"பொங்குனா குடிவந்ததா அர்த்தம் சார். நான் குடிவரலியே. வெளையாட்டுக்குப் பால் பொங்க விட்டா வீடு கோவிச்சுக்கும்."

கெஞ்சிப் பார்த்தார், படி கூட்டித் தருகிறேன் என்றார், மசியவில்லை. கடைசியில் சோப்புத்தூள் கரைத்துப் பானையில் நுரை கட்டி வீடியோ எடுத்தார். அந்தப் பால் நீலமாகப் பொங்கியது. ஆனாலும் பாருங்கள், நிஜமாக வீடு கிடைத்தவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டாயியைத்தான் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கைராசி என்று பேர் வந்துவிட்டது. அங்கெல்லாம் அவர் தாராளமாகப் பொங்கவிட்டார், குலவை போட்டார். இங்கே வந்தால் மறுபடி இறக்கி வைத்துவிடுவார்.

இதற்கு நடுவே மைசூரிலிருந்தும் நிலம்பூரிலிருந்தும் வருகிற டூரிஸ்டுகள் வேறு. தங்கும் விடுதி என்று நினைத்துக் காரை நிறுத்துவார்கள். யாரோ மேப்பிலும் ஏற்றிவிட்டார்கள். 'டீ பிரமாதம், சுடுதண்ணீர் இல்லை' என்று ஒரு புண்ணியவான் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். "ரூம் இருக்கா?" என்று கேட்டால் ஆண்டாயி, "இது வீடு இல்லீங்க, மாதிரிங்க" என்பார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்து, நாளாக நாளாகச் சிரிக்காமல் சொன்னார்.

மார்ச் மாதம் எல்லா வீட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. இருளப்பன்கூட செருப்பைத் திரும்ப வாங்கப் போய் ஒரு வீட்டோடு வந்தார். ஆண்டாயி ரவிக்குமாரிடம் போய் நின்றார்.

"உங்களுது தள்ளுபடியாயிடுச்சுங்க. உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஊடு இருக்குதுங்களே" என்றார் ரவிக்குமார்.

"எனக்கா? எங்க இருக்கு?"

ரவிக்குமார் ஜன்னலைக் காட்டினார். எதிரே என் ஃப்ளெக்ஸ். 'என் வீடு, என் பெருமை.' மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர், சொந்த வீடு உள்ளவர் என்பதற்குச் சான்றாக அதைப் படமெடுத்துப் போயிருந்தார்.

"அது நீங்களே வெச்ச போர்டுங்க."

"அதானுங்க. அரசு முத்திரை இருக்குதுங்களே. அரசாங்கம் முத்திரை போட்டுப் பொய் சொல்லுமுங்களா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். ஆண்டாயிக்கென்று வைத்திருந்த வீட்டைக் காத்திருப்போர் வரிசையில் முதலில் நின்றவருக்குக் கொடுத்தாயிற்று. அந்த வரிசையே ஆண்டாயி உண்டாக்கினது.

ஆண்டாயி நேராக என் கடைக்கு வந்தார். "சார், அதே அளவுல இன்னொரு போர்டு அடிச்சுக் குடுங்க. அது என் வீடு இல்லேன்னு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உடனே அடித்தேன். வேறு படம் இல்லாததால் அதே சிரிக்கிற படத்தைப் போட்டு, 'அது என் வீடு இல்லை. ஆண்டாயி, ஓவேலி' என்று எழுதி, பழைய போர்டுக்குப் பக்கத்திலேயே கட்டினோம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆண்டாயிகள் அக்கம்பக்கமாக நின்று, ஒரே சாவியைக் காட்டி, ஒருவர் ஆமாம் என்றும் ஒருவர் இல்லை என்றும் சிரித்தார்கள். ஜனங்கள் அதைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கான விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு, ஆபீஸ் முன்னால் மறுபடி வரிசை கட்டிவிட்டார்கள். தரணிதரன் எனக்கு போன் பண்ணிப் பாராட்டினார். திட்டிவிட்டு போனை வைத்துவிட்டேன். ரவிக்குமார் புது போர்டை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல முத்திரை இல்லீங்களே" என்றார்.

தரணிதரனுக்கு விஷயம் புரிந்தபோது அவரும் ஆபீசுக்கு ஓடத்தான் செய்தார். அப்படியானால் மாதிரி வீட்டையே அந்தம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ரவிக்குமாரிடம் சண்டை போட்டார். ரவிக்குமார் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் 'விளம்பரப் பலகை, ஒன்று, கான்கிரீட், கழிப்பறையுடன்' என்று இருந்தது.

"பலகைக்குள்ள ஆரும் குடியிருக்க முடியாதுங்க" என்றார்.

"நான் அங்கதானே சோறாக்குறேன் இத்தன மாசமா?" என்றார் ஆண்டாயி.

"சோறாக்கலாமுங்க. குடியிருக்க முடியாதுங்க. பிரச்சாரம் முடிஞ்சா பலகைய எடுத்துப்போடணும், அது விதி."

ஆக, ஆண்டாயிக்கு வீடு இருந்தது, ஆனால் அது வீடு இல்லை. இதை என் மனைவி ஜூடித்திடம் சொன்னபோது, எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே மாதம் காத்தமுத்து ரிட்டயர் ஆனார். எஸ்டேட்டில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கூடவே காம்பராவைக் காலி செய்யச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார்கள். "கடிகாரம் குடுத்தானுங்க, செவுத்தப் புடுங்கிட்டானுங்க" என்று அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் மகள் கோகிலவாணி வீட்டிலும் ஓர் அறைதான். ஆண்டாயி, "சாமி படத்த எங்க கொண்டுபோய் வெக்கிறது சார்?" என்று கேட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த வாரமே நிறைவு விழா வந்தது. எல்லா வீடும் நிரம்பியதற்காக ஆபீசுக்கு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி விருது' கொடுக்கச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். மாதிரி வீட்டு வாசலிலேயே பந்தல். கடைசியாக ஒரு தடவை பால் காய்ச்சிக் காட்ட ஆண்டாயி வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். இவ்வளவு நடந்தபின் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று நான் கத்தினேன். ஆண்டாயி, "வர்றேன்னு சொல்லுங்க. காய்ச்சுறேன்" என்றார்.

விழாவன்று அவர் கையில் ஒரு சாக்குப்பை இருந்தது. பின்னால் காத்தமுத்து, கக்கத்தில் கடிகாரத்தோடு. மேடையில் இருந்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அடுக்கு வீட்டுப் பெண்கள் கவனித்தார்கள். ஆண்டாயி வாசலில் நின்று வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். பையிலிருந்து முதலில் உப்பும் மஞ்சளும் எடுத்துச் சமையலறையில் வைத்தார். பிறகு மாரியம்மன் படம், பித்தளை விளக்கு. ராக்கம்மா சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து இன்னொரு பெண், அப்புறம் இன்னொரு பெண். பந்தல் ஓரம் முழுக்கச் செருப்பாகக் கிடந்தது. ஜூடித் என் விலாவில் இடித்து, "ஏனுங்க, செருப்பக் கழட்டுங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பால் ஏறியது. விளிம்புக்கு வந்ததும் வழக்கம்போல் ஆண்டாயி இறக்கிவிடுவார் என்று தரணிதரன் கேமராவைத் தாழ்த்திவிட்டார். ஆண்டாயி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றார். பால் பொங்கி வழிந்து அடுப்பில் விழுந்து சீறியது. பெண்கள் போட்ட குலவையில் மைக் இரைந்தது. காத்தமுத்து சுவரில் ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டினார். பெரிய அதிகாரி எழுந்து நின்று கைதட்டி, என்ன தத்ரூபம் என்று வியந்தார். சர்க்கரை போட்டு எல்லோருக்கும் பால் கொடுத்தார்கள். ரவிக்குமாரும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அஞ்சு மணிக்கு ஆண்டாயி சாவி கொடுக்கப் போகவில்லை.

சில நாள் கழித்துப் பலகையை அகற்ற ஆபீசிலிருந்து ஜேசிபி வந்தது. ஓட்டுநர் சசிதரன், நிலம்பூர்க்காரர். எந்தப் பலகை என்று கேட்டார். ரவிக்குமார் வீட்டைக் காட்டினார். வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது, உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இது வீடல்லே சாரே?"

"இல்லீங்க, விளம்பரமுங்க."

சசிதரன் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "பாலுகாச்சல் கழிஞ்ஞோ?" என்று ஆண்டாயியைக் கேட்டார். பொங்கிடுச்சு என்று ஆண்டாயி சொன்னார். சசிதரன் திரும்பி வந்து வண்டியில் ஏறினார். "பாலு காய்ச்சின வீட்ட ஞான் தொடமாட்டேன் சாரே. எனிக்கும் பிள்ளைகள் உண்டு" என்றார்.

"பலகைன்னு ஃபைல்ல இருக்குதுங்க."

"பலகைக்கு ஆரெங்கிலும் பாலு காய்ச்சுமோ?"

ரவிக்குமார் விடவில்லை. கூடலூரில் ஆள் தேடினார், பந்தலூரில் தேடினார், குன்னூர் வரை போன் போட்டார். தமிழாளானாலும் மலையாளியானாலும் படகரானாலும், பால் பொங்கின வீடு என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் நீங்களே கடப்பாரை எடுங்களேன் என்று தரணிதரன் குத்தலாகச் சொன்னார். ரவிக்குமார் ரொம்ப நேரம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் அந்தப் பால் குடிச்சுட்டனுங்களே" என்றார். பிறகு ஆபீசுக்குப் போய், 'பலகை நல்ல நிலையில் உள்ளது. பராமரிப்பாளர் குடும்பத்துடன் பலகையிலேயே பணியில் உள்ளார். பிரச்சாரம் தொடரலாம்' என்று எழுதினார். நான் அந்த ஆளை எத்தனையோ திட்டியிருக்கிறேன், அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்படித்தான் ஆண்டாயி ஒரு விளம்பரத்தில் குடியிருக்கிறார். வருடாவருடம் பலகைக்கு அனுமதி புதுப்பிக்கிறார்கள். நெற்றியில் இருக்கும் 'மாதிரி' என்ற சொல்லை அழிக்க முடியாது, அழித்தால் பலகை இல்லை என்றாகிவிடும். பகலில் யார் வந்து அலமாரியைத் திறந்து பார்த்தாலும் தடுக்கக் கூடாது. விருது ஆபீஸ் சுவரில் தொங்குகிறது.

தரணிதரன் சென்னைக்குக் கிளம்பின அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் பையைத் துழாவி ஒரு பழைய தாழ்ப்பாளை எடுத்தார், ராக்கம்மா தூங்கின கதவிலிருந்து கழற்றினது. "கேக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, உங்கள மட்டும் கேக்கல மேடம்" என்றார். ஆண்டாயி அதை வாங்கிக் காத்தமுத்துவிடம் கொடுத்தார். அவர் அதை வாசல் கதவில் உள்பக்கமாக வைத்துத் திருகினார். சுவர்க் கடிகாரம் அஞ்சு அடித்தது. ஆண்டாயி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். நாங்கள் வெளியே வந்தோம்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ரொம்ப நேரம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ரோட்டில் மைசூர் வண்டி ஒன்று வந்து நின்று, ஓர் ஆள் இறங்கி, சிமென்ட் எழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். ரூம் இருக்கா என்று கேட்டார். ஆண்டாயி கதவைத் திறக்கவில்லை, உள்ளே இருந்துதான் பதில் சொன்னார்.

"இது வீடுங்க."